உறைபனிக் காலையும் பக்கத்து வீட்டு ஜன்னலும்



உதகையில் நவம்பர் பிறந்துவிட்டால், சுபுஹுத் தொழுகைக்கு வருவோரின் பேச்சு இரண்டு செய்திகளையே சுற்றி வரும். ஒன்று, உளூச் செய்யும் தண்ணீரின் குளிர்ச்சி. மற்றொன்று, ஸ்டார்ட் ஆகாத வண்டி. மதரஸாவில் ஓதிக்கொடுப்பவருக்கு வண்டியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். பேச வேண்டியிருக்கிறது.

நம்மிடம் இருப்பது அத்தா விட்டுச்சென்ற யமஹா ஆர்எக்ஸ் 100. 1996ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி நின்றுவிட்டது. டூ ஸ்ட்ரோக் இன்ஜின். கிக்கரை உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்த பின்னர் விற்பனைக்கு வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டரும் இல்லை, சோக்கும் இல்லை. எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதை வண்டியே அளந்துகொள்கிறது. நம் ஜமாஅத்தில் பழைய வண்டியோடு காலம் தள்ளுவோர் பலர், தவணைக்குள் ஒளிந்திருக்கும் வட்டிக்கு அஞ்சியே புதியது வாங்காமல் இருக்கின்றனர். நம் நிலை அதுவன்று. விற்றால் நல்ல விலை கிடைக்கும். அத்தாவின் வண்டி என்பதால் மனம் வரவில்லை. இதை மறைப்பதற்கில்லை. விரும்பி வைத்துக்கொண்டிருக்கும் பொருளின் சிரமத்தை யார் சுமப்பது என்பதே இக்கட்டுரையில் நாம் கேட்க விழையும் கேள்வி.

குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாத பெட்ரோல் தீப்பற்றாது. ஆகவேதான் சோக் வைத்திருக்கிறார்கள். அதை இழுத்துவிட்டால் காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவு கூடும். இப்போது பெட்ரோலோடு எத்தனாலும் கலந்து வருகிறது. எத்தனால் ஆவியாவதற்கு இன்னும் அதிக வெப்பம் தேவை என்பதால் பழைய வண்டிகளுக்குப் பனிக்காலம் முன்னைவிடக் கடினமாகியிருக்கிறது. இவற்றையெல்லாம் அறியாத நாம், பல ஆண்டுகள் ஒரே முறையைத்தான் கையாண்டோம். சோக்கை இழுப்பது, ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கிக்கொண்டு இருபது முப்பது முறை உதைப்பது, கிளம்பியதும் அணைந்துவிடக்கூடாதே என்று உறுமவிடுவது. வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே உள்ள சந்தில் நின்று, ஐந்து நிமிடம்.

இம்முறையில் எல்லாமே தவறு என்று மெக்கானிக் ஒருவர் பின்னர் விளக்கினார். இவ்வகைக் கார்புரேட்டரில் ஆக்சிலேட்டர் மூடியிருந்தால்தான் சோக் வழியாகப் பெட்ரோல் வலுவாக இழுக்கப்படும்; முறுக்கினால் அந்த இழுவை போய்விடுமாம். அதைவிடக் கேடு, குளிர்ந்த இன்ஜினை உறுமவிடுவது. அலுமினியப் பிஸ்டன் விரைந்து சூடேறி விரியும். அதைச் சூழ்ந்திருக்கும் சிலிண்டர் அவ்வளவு விரைவில் விரியாது. குளிரில் கெட்டிப்பட்ட ஆயிலும் உடனே போய்ச் சேராது. பிஸ்டன் இறுகி இன்ஜின் சீஸ் ஆகிவிட்டால் செலவு ஆயிரங்களில். நன்மை செய்வதாக எண்ணிக்கொண்டு நாம் தினமும் வண்டியை அடித்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் நாம் மாறியது மெக்கானிக் சொன்னதால் அன்று.

பக்கத்து வீட்டில் பிறசமயத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். மூச்சிரைப்பு உள்ளவர். இத்தனை ஆண்டுகளில் நம் வண்டியைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை; பார்க்கும்போதெல்லாம் "பாய், நல்லாயிருக்கீங்களா?" என்பதோடு சரி. ஒரு ஜனவரியில் அவருடைய மருமகள் நம் துணைவியாரிடம் பேச்சுவாக்கில் சொன்னார்: "மாமா தினமும் அஞ்சு மணிக்கே எந்திரிச்சு ஜன்னலைச் சாத்திட்டு, வண்டி போற வரைக்கும் உக்காந்தே இருப்பாருக்கா. புகை வந்தா அவருக்கு அடைக்கும்." குறையாகச் சொல்லவில்லை, அந்த வீட்டின் வழக்கத்தைச் சொன்னார். ஜன்னலைச் சாத்தினாலும் பழைய மரச்சட்டத்தின் இடுக்கு வழியே டூ ஸ்ட்ரோக் புகை உள்ளே போகாமலா இருக்கும்?

அன்று காலை மக்தபில் பிள்ளைகளுக்கு அண்டை வீட்டாரின் உரிமை பற்றிய பாடம். அதை நடத்திவிட்டுத்தான் வீடு திரும்பியிருந்தோம்.

"தொழுகைக்குத்தானே போகிறோம், இதில் என்ன குற்றம்?" என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். போவது தொழுகைக்கு என்பதாலேயே கூடுதல் கவனம் வேண்டும் என்பது நம் கருத்து. வேலைக்குப் போகிறவர் எழுப்பும் சத்தத்தை மக்கள் அவர் பெயரில் எழுதிக்கொள்வர். நாம் எழுப்பும் சத்தத்தைப் பள்ளிவாசலின் பெயரில் எழுதிக்கொள்வர். ஜமாஅத்தோடு தொழும் நன்மையைத் தேடிப் போகும் வழியில் ஒரு நோயாளியின் உறக்கத்தைப் பறிப்பதற்கு நமக்கு எவரும் அனுமதி தந்துவிடவில்லை.

இப்போது நாம் செய்வது இது. இரவே பெட்ரோல் டேப்பை மூடிவிடுகிறோம். வண்டியின் மேல் பழைய சாக்கு ஒன்றை விரிக்கிறோம். காலையில் பத்து நிமிடம் முன்னதாகப் புறப்பட்டு, இன்ஜினைக் கிளப்பாமல் தெருமுனை வரை தள்ளிச் செல்கிறோம். அங்கே ஒரு பக்கம் காய்கறித் தோட்டம், மறுபக்கம் சரிவு, வீடுகள் இல்லை. டேப்பைத் திறந்து சோக்கை இழுத்து, சாவியைப் போடாமல் மூன்று நான்கு முறை மெதுவாக உதைக்கிறோம். பிறகு சாவியைத் திருப்பி, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஒரே முழு உதை. பிஸ்மில்லாஹ் சொல்லி உதைத்தால் பெரும்பாலும் மூன்றாவது உதைக்குள் கிளம்பிவிடுகிறது. அரை நிமிடம் தானாக ஓடவிட்டுப் புறப்படுகிறோம். முதல் ஒரு கிலோமீட்டர் மெதுவாகவே. இன்ஜின் சூடேறியதும் சோக்கைத் தள்ளிவிட மறக்கக்கூடாது. மறந்தால் பிளக் கருத்து அடைத்துக்கொள்ளும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் இங்கே அது இன்னும் விரைவில் நிகழும். பத்து உதைக்கும் மசியவில்லை என்றால் பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கும். சோக்கை மூடி, அப்போது மட்டும் ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து உதைக்க வேண்டும். அல்லது பிளக்கைக் கழற்றித் துடைக்க வேண்டும். சட்டைப்பையில் ஒரு பிளக்கும் ஸ்பானரும் எப்போதும் உண்டு. சரிவில் உருட்டி இரண்டாம் கியரில் கிளப்பலாம் என்பாரும் உளர். உறைபனி படிந்த சாலையில் சக்கரம் வழுக்கும் என்பதால் நாம் அதைச் செய்வதில்லை.

பனிக்கு அஞ்சி வண்டியை வீட்டுக்குள்ளோ மூடிய ஷெட்டிலோ நிறுத்தி ஓடவிடுவோரும் இருக்கின்றனர். அல்லாஹ் காப்பாற்றுவானாக. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவரை எழுப்பாமலேயே கொன்றுவிடும்.

தள்ளிக்கொண்டு போனதில் ஒருமுறை முதல் ரக்அத் தவறியது. அது வருத்தம்தான், அதன்பின் பத்து நிமிடத்தைப் பதினைந்தாக்கினோம்.

பள்ளிவாசல் வாசலில் நிலைமை இன்னும் மாறவில்லை. சுபுஹு முடிந்ததும் ஏழெட்டு வண்டிகள் ஒரே நேரத்தில் உறுமுகின்றன. எதிரே மூன்று வீடுகள் இருக்கின்றன. கீழ்ச்சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டுப் படியேறி வரும்படி ஏற்பாடு செய்யலாம் என்று நிர்வாகத்தாரிடம் சென்ற வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கிறோம். முதியவர்களுக்குப் படி சிரமம் என்றார்கள். முதியவர்கள் எவரும் வண்டியை உறுமவிடுவதில்லை என்றோம். பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.