ஜன்னல் கண்ணாடிக்கு ஆசிட் வேண்டாமே!

ஜன்னல் துடைப்பதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைக்காதீர்கள். கண்ணாடி பளிச்சென்று ஆகவேண்டும் என்று கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றித் தேய்க்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது தேவையே இல்லை என்பதுதான் என் கருத்து.

எங்கள் புதுச்சேரி கடலோர ஊர். கண்ணாடி மங்குவதற்கு உப்புக் காற்று, தெருப் புழுதி, சமையல்கட்டுப் பிசுக்கு, போர் தண்ணீரின் வெள்ளைத் திட்டு என்று நான்கு காரணம். நான்குக்கும் மருந்து ஒன்றல்ல.

உப்பும் புழுதியும் வெறும் தண்ணீரிலேயே போய்விடும். காய்ந்த துணியால் தேய்த்தால்தான் மணல் கீறிவிடும். எண்ணெய்ப் பிசுக்குக்கு, பாத்திரம் கழுவும் சோப்பை வெந்நீரில் கொஞ்சம் கரைத்தால் போதும். வெள்ளைத் திட்டு தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து; அது புளிப்புக்குத்தான் கரையும். செம்புப் பாத்திரத்துக்குப் புளி போடுகிறோமே, அது மாதிரி. ஒரு டம்ளர் வினிகருக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் கலந்து துடையுங்கள். திட்டு கெட்டியாக இருந்தால் வினிகரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் ஒட்டி வையுங்கள். வினிகர் இல்லையா, எலுமிச்சம்பழச் சாறு இருக்கிறது. கடைசியில் பழைய வேட்டித் துணியாலோ செய்தித்தாளாலோ ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். உள்பக்கம் குறுக்காகவும் வெளிப்பக்கம் நெடுக்காகவும் துடைத்தால், கோடு எந்தப் பக்கம் நின்றது என்று சட்டெனத் தெரியும். வெயில் ஏறுமுன் செய்வது நல்லது. சூட்டில் தண்ணீர் உடனே காய்ந்து கோடு விழும்.

ஜன்னல் திண்டு கடப்பாக் கல்லாகவோ பளிங்காகவோ இருந்தால் வினிகர் சிந்தாமல் பாருங்கள். அவையும் சுண்ணாம்பு சேர்ந்த கல்தான், புளிப்பு பட்டால் மெருகு போய்விடும். இரும்புக் கம்பியில் பட்டால் தண்ணீரால் துடைத்து, ஈரமில்லாமல் காயவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஊரே வெள்ளக்காடானது நினைவிருக்கும். வெள்ளம் வடிந்ததும் பிளீச்சிங் பவுடர் தூவுவது நம் வழக்கம். தூவட்டும், நல்லதுதான். ஆனால் அதோடு ஆசிட் மட்டுமல்ல, வினிகரோ எலுமிச்சைச் சாறோ கலந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். கண் எரியும், மூச்சு திணறும், உயிருக்கே ஆபத்தாகலாம். "ரெண்டையும் சேர்த்தா இன்னும் பளிச்சுன்னு ஆகும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மாடி ஜன்னலின் வெளிப்பக்கத்துக்கு நீளக் குச்சியில் துணி கட்டித் துடையுங்கள். சன்ஷேடில் ஏறி நிற்காதீர்கள்.

கண்ணாடி ஒரு நாள் மங்கலாக இருந்தால் குடி முழுகிவிடாது. வீட்டைச் சுத்தம் செய்கிறவள் நலமாக இருந்தால்தான் வீடு வீடாக இருக்கும்.

- ஓர் இல்லத்தரசி, நெல்லித்தோப்பு, புதுச்சேரி.