'வாயை மூடு' என்று சொல்லும் முன்

வகுப்பில் ஒரு மாணவன் வாயைத் திறந்தபடி வெண்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய கண்களுக்குக் கீழே கருவளையம். இரண்டாம் பாடவேளை முடிவதற்குள் நான்கு முறை கொட்டாவி விடுகிறான். "வாயை மூடு, ஈ புகுந்துவிடும்!" என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். "இரவெல்லாம் கைப்பேசியைப் பார்த்திருப்பாய்" என்று பெரியவர்கள் கடிந்துகொள்கிறார்கள். ஒன்பது மணிக்கே படுத்துவிட்டதாக அவன் சொன்னால் யாரும் நம்புவதில்லை. இத்தகைய மாணவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் அல்லர். அவர்களுள் சிலர் மூக்கால் மூச்சுவிட முடியாமல் தவிப்பவர்கள். வாயால் மூச்சுவிடுவதைக் கெட்ட பழக்கமாகக் கருதித் திட்டக்கூடாது. அதனை உடல் காட்டும் ஓர் அறிகுறியாகக் கருதிக் காரணத்தைத் தேட வேண்டும் என்பதே என் கருத்து.

ஓடி விளையாடும்போதும் சளி பிடித்திருக்கும்போதும் நாம் எல்லாரும் வாயால் மூச்சுவிடுகிறோம். அதனால் தீங்கில்லை. பகலும் இரவும், மாதக்கணக்கில், வாயே மூச்சுவழியாகிவிடுவதுதான் சிக்கல். மூக்கு செய்யும் வேலையை வாயால் செய்ய முடியாது. மூக்கு தூசியை வடிகட்டி, காற்றை இதமாகச் சூடாக்கி, ஈரப்பதம் சேர்த்து நுரையீரலுக்கு அனுப்புகிறது. மூக்கைச் சுற்றியுள்ள எலும்பறைகளில் உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு எனும் வாயுவும் மூச்சுக்காற்றோடு கலந்து, ஆக்சிஜன் இரத்தத்தில் சேரத் துணைபுரிகிறது. வாயால் மூச்சுவிடும்போது இவை குறைகின்றன. மேலும், எச்சில் காய்ந்துவிடுகிறது. பற்களைக் காக்கும் எச்சில் குறைந்தால் பற்சொத்தை, ஈறு வீக்கம், வாய் நாற்றம் ஆகியவை எளிதில் ஏற்படும்.

அப்படியானால், மூக்கு ஏன் அடைபடுகிறது? ஒவ்வாமையால் மூக்கின் உட்பகுதி வீங்குவது ஒரு முக்கியக் காரணம். மூக்கின் பின்புறம், தொண்டைக்கு மேலே இருக்கும் அடினாய்டு எனும் சதை பெருத்துவிடுவது மற்றொரு காரணம். டென்மார்க் நாட்டின் கோப்பன்ஹேகன் நகர மருத்துவர் வில்ஹெல்ம் மேயர், இச்சதை பெருப்பதால் மூச்சும் பேச்சும் செவிப்புலனும் பாதிக்கப்படுவதை 1868-ஆம் ஆண்டிலேயே விளக்கினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவ உலகம் அறிந்த இந்த உண்மை, இன்னும் பல வீடுகளை எட்டவில்லை.

"வளர வளரத் தானாகவே சரியாகிவிடும்" என்று சிலர் கூறுவர். இதில் ஓரளவு உண்மை உண்டு. அடினாய்டு பதின்ம வயதில் பெரும்பாலும் சுருங்கிவிடும். ஆனால், அதுவரை இழந்த உறக்கத்தை யார் திருப்பித் தருவார்? குறட்டை விடும் பிள்ளை ஆழ்ந்து உறங்குகிறது என்று நினைப்பது தவறு. மூச்சுவழி அடைபடும்போதெல்லாம் அதன் உறக்கம் கலைகிறது. வளர்ச்சிக்கான ஹார்மோன் ஆழ்ந்த உறக்கத்தில்தான் அதிகம் சுரக்கிறது. எனவேதான், உறக்கத்தில் மூச்சுத்தடை உள்ள பிள்ளைகள் சிலரின் வளர்ச்சி குன்றுகிறது, பகலில் கவனம் சிதறுகிறது, எரிச்சல் மிகுகிறது. நெடுங்காலம் வாயால் மூச்சுவிடும் பிள்ளைகளிடம் குறுகிய மேல்தாடையும் ஒழுங்கற்ற பற்களும் அதிகம் காணப்படுகின்றன. முகத்தின் அமைப்பில் மரபுக்கும் பங்குண்டு என்பதால் எல்லாருக்கும் இப்படி நேர்வதில்லை. ஆயினும், முகத்தின் பெரும்பகுதி சிறு வயதிலேயே வளர்ந்துவிடுவதால் காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

பினாங்கில் வாழும் நாம் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். நம் தீவின் வெப்பமும் ஈரமும் மெத்தை, தலையணைகளில் தூசிப்பூச்சிகள் பெருக ஏற்றவை. 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் புகைமூட்டம் காரணமாகப் பினாங்கிலும் பள்ளிகள் மூடப்பட்டதை நாம் மறக்கவில்லை. புகைமூட்டம் நம் கட்டுப்பாட்டில் இல்லை. ஆனால், வீட்டுக்குள் எழும் சிகரெட் புகையையும் கொசுவர்த்திப் புகையையும் நம்மால் நிறுத்த முடியும்.

இதே ஜார்ஜ்டவுனில்தான் 1949-ஆம் ஆண்டு பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் கவனிக்கும் தாதியருக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்குப் பயின்றவர்கள் நாடெங்கும் சென்று பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளித்தார்கள். பல்வலி வந்த பிறகு பார்ப்பதைவிடப் பள்ளியிலேயே பார்ப்பது மேல் என்பதைக் கற்றுக்கொண்ட ஊர் இது. அந்தப் பல் பரிசோதனையின்போதே, "இரவில் குறட்டை விடுகிறாயா? காலையில் வாய் உலர்ந்திருக்கிறதா? அடிக்கடி மூக்கு அடைக்கிறதா?" எனும் மூன்று கேள்விகளையும் கேட்டால் என்ன? இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. ஐயம் ஏற்பட்டால் பெற்றோருக்கு ஒரு கடிதம் அனுப்பினால் போதும். பெற்றோர் பிள்ளையை அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லலாம். தேவைப்பட்டால், அங்குள்ள மருத்துவர் காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அனுப்பிவைப்பார்.

மாணவர்களாகிய நமக்கும் பொறுப்பு உண்டு. தலையணை உறைகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைக்கலாம். தம்பி தங்கையர் உறங்கும்போது குறட்டை விட்டாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ பெற்றோரிடம் உடனே சொல்லலாம். உறங்கும்போது வாயில் ஒட்டுநாடாவை ஒட்டிக்கொள்ளும் புதிய வழக்கத்தை மட்டும் பின்பற்றக்கூடாது. மூக்கு அடைபட்டிருக்கும் பிள்ளையின் வாயையும் அடைப்பது ஆபத்தாகும். நோயின் காரணத்தை அறிந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் கற்றுத் தரும் பாடமன்றோ?

வகுப்பில் வாய் திறந்தபடி அமர்ந்திருக்கும் நண்பனைப் பார்த்து இனிக் கேலி செய்ய வேண்டாம். "உனக்கு மூக்கு அடைத்திருக்கிறதா?" என்று கேட்போம். அவனுக்கு உதவி கிடைக்க அந்தக் கேள்வியே முதல் படியாக அமையலாம்.