பிஷப்பின் மேசையில் மன்னிப்பு இல்லை

மார்மன் சபை என்று உலகம் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. பெரிய பாவம் செய்தவர் எவ்வளவுதான் அழுது ஜெபித்தாலும், பிஷப்பிடம் போய்ச் சொல்லாதவரை தேவன் மன்னிக்கமாட்டார் என்பதே அது. பின்னாளில் சபைத் தலைவரான ஸ்பென்சர் கிம்பல் 1969-இல் எழுதிய ‘மன்னிப்பின் அற்புதம்’ அதற்கு உரமூட்டியது. இந்த நம்பிக்கை தவறு. அதைக் காட்ட சபையின் சொந்த வேதநூல்களே போதும்.

1831 பிப்ரவரியில் ஒஹையோவின் கர்ட்லண்டில் எட்வர்ட் பார்ட்ரிஜ் சபையின் முதல் பிஷப்பாக நியமிக்கப்பட்டார். சபையின் வேதநூல்களில் ஒன்றான ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ நூலின் 42ஆம் பகுதியும் அதே மாதத்தில் வந்ததுதான். மறைவில் தவறு செய்தவர் யாரிடம் அறிக்கையிட வேண்டும் என்று சொல்லும் இடத்தில் அது இருவரைத்தான் காட்டுகிறது: ஒருவர் அந்தத் தவறால் பாதிக்கப்பட்டவர், மற்றவர் தேவன். பிஷப் என்ற பதவி இருந்தும் அந்த வசனத்தில் அவர் இல்லை.

மறுப்பவர்கள் மார்மன் புத்தகத்தின் மோசியா 26-ஐ எடுத்து நீட்டுவார்கள். அங்கே சபையை நடத்தும் ஆல்மாவின் முன் தவறியவர்கள் பாவத்தை அறிக்கையிடுகிறார்கள், உண்மைதான். ஆனால் அந்த அதிகாரம் எங்கே போய் முடிகிறது? அறிக்கையிட்டவர்கள் சபையாரோடு எண்ணப்பட்டார்கள், மறுத்தவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. அதாவது, ஆல்மா கையில் இருந்தது சபையின் பெயர்ப்பட்டியல். பிஷப் கையிலும் அதுதான் இருக்கிறது. ஒருவர் உறுப்பினராக நீடிக்கலாமா, ஆலயத்துக்குள் போகலாமா என்று அவர் முடிவு செய்யட்டும். எந்தச் சங்கத்துக்கும் அந்த உரிமை உண்டு. மோட்சத்தின் சாவியையும் அதே கொத்தில் கோத்துவிடுவதுதான் கோளாறு.

அந்தப் பிஷப் யார்? சம்பளமில்லாமல் சில ஆண்டுகள் பொறுப்பேற்கும் பக்கத்துத் தெருக்காரர். பல் மருத்துவராக இருக்கலாம், காப்பீட்டு முகவராக இருக்கலாம். குருமடப் பயிற்சி கிடையாது. கத்தோலிக்கர்களின் பாவசங்கீர்த்தனத்தில் இருப்பதுபோல் தட்டி மறைவோ, பாவமன்னிப்பு மந்திரமோ இங்கே இல்லை. மேசைக்கு எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆலய அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடுபவரும் அவரே. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மார்மன் மாணவருக்கு ஆண்டுதோறும் அவர் ஒப்புதல் தேவை. அது போனால் படிப்பும் போகும். இப்படிப்பட்டவர் முன் எந்த மாணவிக்கு மனம் திறக்கும்?

பிஷப்பிடம் சொன்னதன் ரகசியமும் முழு ரகசியமல்ல. சில வாரங்கள் திருவிருந்தில் பங்கெடுக்காதே என்று பிஷப் சொல்லியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை ரொட்டித் துண்டுத் தட்டு வரிசையில் கைமாறி வரும். அதை எடுக்காமல் அடுத்தவருக்கு நகர்த்தும்போது, பக்கத்தில் இருக்கும் அம்மாவும் தம்பியும் பார்க்கத்தானே செய்வார்கள்!

பிஷப்பிடம் கொட்டித் தீர்த்தபின் பாரம் இறங்கியது என்போர் உண்டு. நம்பிக்கைக்குரிய ஒரு மனிதர் காதுகொடுத்துக் கேட்டால் யாருக்கும் பாரம் இறங்கும். அதற்குப் பதவி வேண்டியதில்லை.

இந்த நம்பிக்கையின் மிகக் கொடூரமான விளைவை அரிசோனாவின் பிஸ்பி ஊரில் பார்த்தோம். தன் மகளைப் பாலியல் வதைக்கு உள்ளாக்கிய தகப்பன் அதைப் பிஷப்பிடம் அறிக்கையிட்டான். பிஷப் சபையின் உதவித் தொலைபேசியை அழைத்தார்; காவல்துறைக்குத் தகவல் போகவில்லை. 2013-இல் சபை அவனை நீக்கியது. அதன்பிறகும் வதை நிற்கவில்லை. 2017-இல் அமெரிக்க மத்திய அதிகாரிகள் அவனைக் கைதுசெய்த பிறகே அந்தப் பிள்ளைக்கு விடிவு வந்தது. பின்னர் நடந்த வழக்கில், அந்த அறிக்கையைப் பற்றிய விவரங்களைச் சபை வெளியிடத் தேவையில்லை என்று 2023-இல் அரிசோனா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முறைப்படி பார்த்தால் அங்கே அறிக்கை நடந்தது, ஒழுங்கு நடவடிக்கையும் நடந்தது. 42ஆம் பகுதி முதலில் நிறுத்தும் அந்தப் பாதிக்கப்பட்டவரைத்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை.

மார்மன் நண்பர்களே, நீங்கள் தவறு செய்திருந்தால் முதலில் யாருக்குச் செய்தீர்களோ அவருக்கு இழப்பை ஈடுசெய்யுங்கள். அது குற்றமென்றால் காவல்நிலையத்துக்குப் போங்கள். பிஷப்பைப் பார்ப்பதும் பார்க்காததும் அதற்குப் பிறகு உங்கள் விருப்பம்.