சுண்டுவிரல் நுனிக்கு 2 சதவீதம்

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. கட்டைவிரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரல் என்றால் 14. எலும்பு தப்பி, நுனி மட்டும் வெட்டுப்பட்டுப் போனால் ஆள்காட்டி விரலுக்கு 5, சுண்டுவிரலுக்கு 2. ஏகலைவனின் கட்டைவிரலைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். இந்த 2 சதவீதத்தை யாரும் கண்டுகொள்வதில்லை.

விரல் நுனிச்சதை சாதாரணச் சதை அல்ல. பொத்தான் போடுவதும், ரூபாய் நோட்டை எண்ணுவதும், குழந்தைக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்ப்பதும் அதை வைத்துத்தான். பிரஸ் மிஷினில் அது நசுங்கி எலும்பு வெளியே தெரிந்தால், வெறும் தோலை எடுத்து ஒட்டினால் பிடிக்காது. வழி இரண்டு. நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பை நறுக்கி, விரலைக் குட்டையாக்கித் தைத்துவிடலாம். சீக்கிரம் முடிகிற வேலை, ஆளும் சீக்கிரம் வேலைக்குத் திரும்பிவிடுவார். அல்லது வேறிடத்திலிருந்து சதையைக் கொண்டுவரலாம். பக்கத்து விரலிலிருந்து எடுத்தால் இரண்டு விரலும் இரண்டு மூன்று வாரம் சேர்ந்தே இருக்க வேண்டும். நுண் அறுவை சிகிச்சையில் கால் பெருவிரலின் சதையை அதன் ரத்தக்குழாயோடும் நரம்போடும் எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்தபடி கைவிரலில் இணைக்கிறார்கள். குழாயின் அகலம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. நரம்பையும் சேர்த்துத் தைப்பதால் பழையபடி இல்லாவிட்டாலும் தொடுவுணர்வு திரும்பி வருகிறது.

இதெல்லாம் வெளிநாட்டு வித்தை என்று நினைக்க வேண்டாம். அறுபட்ட விரல் நுனியை அதே விரலின் பக்கவாட்டுச் சதையை நகர்த்தி மூடும் ஒரு முறையை 1980இல் வெளியிட்டவர்கள் வெங்கடசாமியும் சுப்பிரமணியனும். வெங்கடசாமி வடசென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைத் துறையை வளர்த்தவர். அந்த முறைக்கு நுண்ணோக்கிகூடத் தேவையில்லை. இன்றும் உலகம் முழுக்கக் கை அறுவை மருத்துவர்கள் அதைப் படிக்கிறார்கள்.

ஆக, நுட்பம் இருக்கிறது. இரண்டாவது வழி ஒன்று உண்டு என்பது யாருக்குச் சொல்லப்படுகிறது என்பதுதான் என் கேள்வி. 'கூலி வேலை செய்பவர், சீக்கிரம் வேலைக்குப் போகணுமே' என்கிற வாதம் அக்கறை போலவே ஒலிக்கும். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. மூன்று வாரம் கூலி இல்லாமல் யாரால் இருக்க முடியும்? ஆனால் இ.எஸ்.ஐ.யில் பதிவானவருக்கு அந்த நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். ஒப்பந்தக்காரர் பெயரைப் பதிவு செய்யாமலே வைத்திருப்பவருக்கும், நாலைந்து பேர் வேலை செய்யும் பட்டறையில் நிற்பவருக்கும் அது இல்லை. எலும்பை நறுக்குவதா வேண்டாமா என்பது அறுவை அரங்குக்கு வருமுன் வருகைப் பதிவேட்டிலேயே முடிவாகிவிடுகிறது.

வீணை வாசிப்பவரின் விரல் நசுங்கினால் அவரைக் கேட்காமல் யாரும் எலும்பில் கை வைக்க மாட்டார்கள். அங்கே கை என்பது அந்த மனிதர். பிரஸ் மிஷினில் நிற்பவரின் கை மட்டும் எப்படிக் கருவியாகிவிடுகிறது? வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஆலைகளில் ஈரத்தோலை இழுத்துப்போடும் வேலைக்கு எந்தச் சாதிக்காரர்கள் வருகிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. கையால் உழைப்பவரை இழிவாகப் பார்க்கும் சமூகம், அந்தக் கைக்கு உணர்ச்சி தேவை என்று மட்டும் எப்படி நினைக்கும்?

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் நுண் அறுவை வசதி வேண்டும். வேலையில் சேரும் அன்றே இ.எஸ்.ஐ. பதிவு நடக்க வேண்டும். விபத்து நடந்த பிறகு அல்ல. நறுக்குவதற்கு முன்னால், ஒடியாவோ இந்தியோ, காயம்பட்டவரின் மொழியில் இரண்டு வழியையும் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். ஒவ்வொரு பிரஸ் மிஷினுக்கு மேலும் ஒரு பலகை தொங்கட்டும்: துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பையைப் பனிக்கட்டி மேல் வை. பனிக்கட்டியில் நேராகப் போடாதே. உடனே கிளம்பு.