பந்தயக் களமும் திரும்பும் வழியும்

ஒரு விளையாட்டு தழைப்பதற்கும் தேய்வதற்கும் காரணம் ஆராயப் புகுவோர் முதலில் ஆடுவோரின் திறமையைப்பற்றிப் பேசுவர். அடுத்து விதிகளைக் குறை கூறுவர். ஈற்றில் தொலைக்காட்சியின்மீது பழியைச் சுமத்தி ஓய்வர். பிரிட்டனில் ஸ்பீட்வே என்னும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தைக் காண வரும் கூட்டம் குறைந்துபோனதைப்பற்றி எழுதுவோரும் பெரும்பாலும் இவ்வழியே செல்கின்றனர். அவர்கள் கூறுவனவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் களம் எவ்விடத்தில் இருக்கிறது, அவ்விடத்துக்கு ஒருவன் எதில் ஏறிப் போவான், போனவன் இரவில் எவ்வாறு வீடு திரும்புவான் என்னும் எளிய கேள்விகளை அவர்கள் பெரிதாக எண்ணுவதில்லை. நாம் அவற்றையே பெரிதாக எண்ணுகிறோம்.

இப்பந்தயத்தைக் கண்டறியாத மாணவர்பொருட்டு இரண்டொரு வார்த்தை கூறுதல் வேண்டும். முட்டை வடிவாக அமைந்து, இளகிய மண் பரப்பிய களத்தில் நால்வர் ஒருங்கே புறப்பட்டு நான்கு சுற்று வருவர். வண்டி 500 சி.சி. ஆற்றலுடையது, ஒரே கியர் உடையது, அதற்குப் பிரேக் என்பதே கிடையாது. வளைவுதோறும் பின்சக்கரத்தை வழுக்கவிட்டு வண்டியைத் திருப்புவதே ஓட்டுவோன் வித்தை. ஓர் ஓட்டம் ஒரு நிமிஷமளவில் முடிந்துவிடும். இரு கழகங்கள் மோதும் லீக் போட்டியில் இத்தகைய ஓட்டங்கள் 15 நிகழும். இடையிடையே டிராக்டர் கொண்டு களத்தைச் சமன்செய்வர். ஒருவன் விழுந்தால் மருத்துவ உதவி முடியுமட்டும் யாவரும் காத்திருப்பர். மழை வந்தாலோ சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே மாலை ஏழரை மணிக்குத் தொடங்கும் போட்டி இன்ன நேரத்தில் முடியும் என்று உறுதி கூற எவராலும் இயலாது. இந்த நிச்சயமின்மையை வாசகர் நினைவிற் கொள்க. நம் வாதம் பெரிதும் இதன்மேல் நிற்பது.

ஆஸ்திரேலியாவில் 1923-இல் வெஸ்ட் மெய்ட்லண்டு என்னும் ஊரில் நிலைபெறத் தொடங்கிய இப்பந்தயம், 1928 பிப்ரவரி 19, ஞாயிற்றுக்கிழமையன்று லண்டனை அடுத்த எப்பிங் காட்டில், ஹை பீச் என்னுமிடத்தில் நடைபெற்றது. மூவாயிரம் பேர் வருவர் என்று அதனை நடத்தியோர் எதிர்பார்த்திருந்தனர். வந்தவர் தொகை 15,000 என்பாரும் 30,000 என்பாரும் உளர். லௌட்டன் ரெயில் நிலையத்தில் இறங்கி மேட்டு வழியே நடந்து வந்தவர் அநேகர். இதனை எடுத்துக்காட்டி, "மக்களுக்கு விருப்பம் இருந்தால் காட்டுக்கும் வருவார்கள், போக்குவரத்து என்பது ஒரு சாக்கு" என்று வாதிப்போர் உண்டு. ஒருநாட் புதுமையைக் காணப் பகற்பொழுதில் இரண்டு மைல் நடப்பது வேறு. வாரந்தவறாமல், வேலை முடிந்த களைப்போடு, இருட்டில் நடப்பது வேறு. இவ்வேற்றுமையை அக்காலத்து முதலாளிகள் நன்கறிந்திருந்தனர். அதே 1928-இல் சில மாதங்களுக்குள் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ், ஒயிட் சிட்டி, ஹாரிங்கே, விம்பிள்டன், வெஸ்ட் ஹாம் என அவர்கள் திறந்த களங்களெல்லாம் குடியிருப்புகளுக்கு நடுவே, ரெயிலும் டிராமும் பஸ்ஸும் வந்துசேரும் இடங்களில் அமைந்தவை. காட்டிலே கூட்டத்தைக் கண்டவர்கள் காட்டிலேயே தங்கிவிடவில்லை!

அக்களங்களுள் வெஸ்ட் ஹாம் களத்தைச் சற்று நின்று நோக்குவது தகும். அது தேம்ஸ் நதியின் கப்பல் துறைகளுக்கு அண்மையில், கஸ்டம் ஹவுஸ் என்னும் பகுதியில் இருந்தது. துறைமுகத் தொழிலாளி வேலை முடிந்து வீட்டுக்குச் சென்று, உண்டு, மனைவி மக்களோடு நடந்தே களத்துக்கு வரலாம். பிறர் ரெயிலில் வரலாம். வந்து போவதற்குத் தனியாக ஒரு திட்டம் வகுக்க வேண்டியதில்லை. வெம்ப்லியின் நிலைமை வேறு. 1924-இல் நடந்த பேரரசுப் பொருட்காட்சிக்காக எழுப்பப்பட்ட அம்மாபெரும் அரங்கம் நகரின் விளிம்பில் இருந்தது. ஆயினும் வெம்ப்லி பார்க் நிலையத்தின் வழியாகப் பெருந்திரளைக் கொண்டுவந்து, பெருந்திரளைத் திருப்பியனுப்ப ரெயில்வே கற்றிருந்தது. 1936-இல் முதல் உலகச் சாம்பியன் போட்டி அங்கே நடந்ததும், 1981-இல் அங்கு நடந்த கடைசி உலக இறுதிப் போட்டியை ஏறத்தாழ 92,500 பேர் கண்டதும் வெறும் ஆர்வத்தினால் மட்டும் நிகழக்கூடியவையல்ல. தொண்ணூறாயிரம் பேருக்கு ஆர்வம் இருப்பினும், அவர்களை ஓரிரவில் வீடு சேர்க்கும் இருப்புப்பாதை இல்லாவிடில் அவ்வார்வம் என் செய்யும்?

இனி, நம் கூற்றுக்கு மாறாக நிற்பனவற்றையும் மறைக்கலாகாது. இத்துணை வசதி வாய்ந்த வெம்ப்லியில் வாராந்தரப் போட்டிகள் 1956-ஆம் ஆண்டோடு நின்றன. அதனைப் பேணி வளர்த்த ஸர் ஆர்தர் எல்வின் 1957 தொடக்கத்தில் காலமானபின் அவற்றை உடனே மேற்கொள்வார் இலர். கட்டணத்தில் ஏறத்தாழப் பாதியை விழுங்கிய கேளிக்கை வரி பல கழகங்களை அதற்கு முன்னரே நலியச் செய்திருந்தது. ஹார்ட்ஃபோர்டுஷயரில் ரை ஹவுஸ் களத்துக்கு அருகிலேயே அப்பெயருடைய ரெயில் நிலையம் இருந்தும் அங்கிருந்த கழகம் 2018-இல் பாதிப் பருவத்திலேயே விலகிற்று. ரெயில் நிலையம் பணமுடையைத் தீர்க்குமென்று நாம் சொல்லவில்லை. மற்றொருபுறம், கோவென்ட்ரி கழகத்தின் களம் நகருக்குள் இல்லாமல் பிராண்டன் கிராமத்தில் இருந்தது. அங்கிருந்த ரெயில் நிலையம் 1960-இல் மூடப்பட்டது. அப்படியிருந்தும் அக்கழகம் பலமுறை பட்டம் வென்று 2016 வரை அங்கு நிலைத்தது. கோவென்ட்ரியோ மோட்டார் வண்டிகள் செய்யும் ஊர். அவ்வூர்த் தொழிலாளர் தம் வண்டியிலேயே களத்துக்குப் போகும் வழக்கம் பிற ஊர்களைவிட முன்னதாகவே வேரூன்றியிருத்தல் இயல்பு என்பது நம் கருத்து. எல்லா ஊரும் கோவென்ட்ரி ஆகாது.

"இன்று யாவரிடமும் கார் உளதே, களத்தருகே வண்டி நிறுத்த அகன்ற இடம் இருந்தாற் போதாதா?" என்பது நாம் அடிக்கடி கேட்கும் வாதம். போதாது என்பதே நம் துணிபு. பிரிட்டனில் பதினேழு வயது நிரம்பாதவன் கார் ஓட்டலாகாது. ஆனால் ஒருவன் ஒரு கழகத்தின்மேல் மனத்தைப் பறிகொடுப்பது பத்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும் ஆகும். அவ்வயதுச் சிறுவன் அண்ணனோடோ தோழனோடோ பஸ் ஏறித் தானே போய்வரக் கூடிய களமாயின், அவன் தந்தைக்கு அதில் விருப்பம் இல்லாவிடினும் கழகத்துக்கு ஒரு புதிய அன்பன் கிடைத்தான். நெடுஞ்சாலையோரம் ஒதுங்கிக் கிடக்கும் களமாயின், தந்தைக்கு விருப்பமில்லாத பிள்ளை அதன் பெயரையும் அறியான். இஃது ஒருபுறம். மற்றொருபுறம் நாற்பது ஆண்டுகளாக ஒரே இடத்தில் நின்று பந்தயம் கண்ட முதியவர் இருக்கிறார். எதிர்வரும் வண்டியின் விளக்கொளி கண்ணைக் கூசச் செய்வதால் இரவில் கார் ஓட்டுவதை அவர் ஒருநாள் விட்டுவிடுகிறார். அன்றோடு கழகத்துக்கும் அவருக்கும் தொடர்பு அற்றுப்போகிறது. கார் ஒன்றையே நம்பிய களம் இவ்வாறு இரு முனையிலும் தன் மக்களை இழக்கிறது, நடுவயதினர் மட்டும் எஞ்சுகின்றனர், அவர்களும் மூப்படைவர்.

போகும் வழியினும் திரும்பும் வழியே கூட்டத்தை நிர்ணயிக்கிறது என்பதை நாம் வற்புறுத்த விரும்புகிறோம். மாலை ஆறு மணிக்கு எவ்வூரிலும் ஏதேனும் ஒரு பஸ் ஓடும். இரவு பத்து மணிக்கு ஓடுமா என்பதே கேள்வி. பந்தயமோ எப்போது முடியும் என்று தெரியாதது. பதின்மூன்றாம் ஓட்டம் தொடங்குமுன் கடிகாரத்தைப் பார்த்து எழுந்து போக நேரும் ஒருவன், இறுதி இரண்டு ஓட்டங்களில் வெற்றி தோல்வி மாறியதை மறுநாட் காலையில் பிறர் வாயாற் கேட்பான். இருமுறை அவ்வாறு நேர்ந்தால் மூன்றாம் முறை அவன் வாரான். நிலையம் அருகில் இருப்பதும் வண்டி அங்கே நிற்பதும் ஒன்றல்ல. மான்செஸ்டரில் 2016-இல் திறந்த தேசிய ஸ்பீட்வே அரங்கத்துக்கு அண்மையில் பெல் வியூ நிலையம் உண்டு. ஆயின் அதில் நிற்கும் வண்டிகள் மிகச் சில. அக்களத்துக்கு வருவோர்க்கு ஹைட் சாலைப் பஸ்களே உற்ற துணை.

அப்படியாயின் களங்களை ஊர் நடுவே வைப்பதுதானே என்பீராயின், அங்கே இவ்விளையாட்டின் பெரிய இடர்ப்பாடு தோன்றுகிறது. நிலையத்துக்கு அண்மையிலுள்ள நிலமே கூட்டத்தை ஈர்ப்பது. வீடு கட்டுவோரை ஈர்ப்பதும் அதே நிலம். வெஸ்ட் ஹாம் களம் 1972-இல் மூடப்பட்டு வீட்டுமனைகளாயிற்று. அங்குள்ள தெருக்களுக்கு அட்கின்சன், வில்கின்சன், யங் எனப் பழைய ஓட்டுவோர் பெயர்களை இட்டிருக்கின்றனர். பெயரிட்டதில் குறையொன்றுமில்லை, ஓட்டுவதற்குத்தான் இடமில்லை. விம்பிள்டனில் வாடகை ஒப்பந்தம் கூடாமையால் 2005-இல் பந்தயம் நின்றது. அதன்பின் லண்டனில் ஸ்பீட்வே களம் ஒன்றேனும் இல்லை. இவ்வண்டிகளின் இரைச்சலும் ஊருக்குள் பகையைத் தேடித் தருவது. அண்டை வீட்டார் முறையீட்டை நாம் குறை கூறமாட்டோம். ஆகவே களம் ஊரைவிட்டு ஒதுங்குகிறது. ஒதுங்கியபின் மக்கள் குறைகின்றனர். குறைந்தபின், "இதற்கு ஆதரவு இல்லை" என்று அந்நிலத்தையும் விற்கின்றனர்.

மக்களுக்கு இவ்விளையாட்டில் விருப்பமே அற்றுவிட்டது என்பாருக்குக் கார்டிஃப் நகரை விடையாகக் காட்டுவோம். 2001 முதல் 2024 வரை, பெருந்தொற்றுக் காலமான 2020, 2021 நீங்கலாக, பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ போட்டி அந்நகரின் பேரரங்கத்தில் நடந்தது. மைய ரெயில் நிலையத்திலிருந்து சில நிமிஷ நடையில் உள்ள அவ்வரங்கத்தில் கூட்டம் 40,000-ஐத் தாண்டிய ஆண்டுகளும் உண்டு. ஆண்டுக்கொருமுறை வரும் விழாவும் வாரந்தோறும் வரும் போட்டியும் ஒன்றல்ல என்பதை ஒப்புகிறோம். ஆயினும் விருப்பம் செத்துப்போகவில்லை என்பதற்கு அது சான்று. போலந்து நாட்டில், அறுபதினாயிரம் மக்களே வாழும் லெஷ்னோ என்னும் ஊரில், பதினேழாயிரம் பேர் கொள்ளும் களம் ஊருக்குள்ளேயே இருப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இவ்வளவையும் ஒருங்கே பட்டறிந்த கழகம் ஒன்று உண்டு. எடின்பரோ நகரத்து மோனார்க்ஸ் கழகம் 1948-இல் ஊருக்குள், பழைய மெடோபாங்க் களத்தில் தொடங்கியது. 1951-இல் உலகச் சாம்பியன் ஆன ஜாக் யங் அப்போது அக்கழகத்துக்கு ஓட்டியவரே. 1970-ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுக்காக அக்களத்தை இடித்துப் புதிய அரங்கம் கட்ட முற்பட்டபோது, 1967-ஆம் ஆண்டோடு கழகம் வெளியேற நேர்ந்தது. கிளாஸ்கோவை அடுத்த கோட்பிரிட்ஜில் இரண்டு பருவம் ஓட்டிப் பார்த்தது. தன் ஊரைவிட்டு நெடுந்தூரம் சென்ற கழகத்தை எத்தனை பேர் பின்தொடர்வர்? அதன் உரிமம் விற்கப்பட்டது. 1977-இல் மீண்டும் எடின்பரோவில், பவுடர்ஹால் களத்தில் உயிர்பெற்று 1995 வரை நிலவியது. அந்நிலமும் வீடுகளுக்குப் போயிற்று. 1997 முதல் நகருக்கு மேற்கே இருபது மைலளவிலுள்ள ஆர்மடேல் அதன் இடமாயிற்று. பெயர் எடின்பரோ, களம் வேறோர் ஊர். அவ்வூரில் 1956 முதல் பிரயாணிகள் ரெயிலும் கிடையாது. ஆகவே எடின்பரோவில் வாழும் ஒருவன் கார் இன்றித் தன் நகரத்துக் கழகத்தைக் காண்பதற்குப் பஸ்ஸையே நம்பவேண்டியிருந்தது. அக்கழகத்தைப் பின்விடாமல் தொடர்ந்தவர்களின் பற்று மெச்சத்தக்கது. ஆயினும் பற்றுடையார் தொகை அவ்வாறு வளர்வதில்லை.

2011-இல் எடின்பரோ–கிளாஸ்கோ இடையே மீட்கப்பட்ட இருப்புப்பாதையில் ஆர்மடேலுக்கு ஒரு நிலையம் கிடைத்தது. களத்துக்கு நடந்து சேரலாம். இத்தகைய வாய்ப்பு வந்தவிடத்து நிர்வாகிகள் செய்யக்கூடியன சிலவே, அவை பெருஞ்செலவும் அல்ல. போட்டியை அரைமணி முன்னதாகத் தொடங்கலாம். நிலையத்துக்கும் களத்துக்கும் இடையே போட்டி நாளன்று ஒரு பஸ்ஸை வாடகைக்கு அமர்த்தி, அதன் கட்டணத்தை நுழைவுச் சீட்டோடு சேர்க்கலாம். புதிய களத்துக்கு அனுமதி வழங்கும் நகரசபைகள், எத்தனை கார் நிற்கும் என்று கேட்பதோடு நில்லாமல், இரவு பத்து மணிக்கு எத்தனை பஸ் உண்டு என்றும் கேட்கலாம். நிகழ்ச்சிப் புத்தகத்தில் ஓட்டுவோர் பெயரை அச்சிடும் பக்கத்திலேயே கடைசி வண்டியின் நேரத்தையும் அச்சிடலாம். மழையினாலோ விபத்தினாலோ ஓட்டங்கள் தாமதப்படும் இரவில், அவ்வண்டி புறப்பட இன்னும் எத்தனை நிமிஷம் உள்ளதென்று ஒலிபெருக்கியில் அறிவிப்பதற்குக் கழகத்துக்கு ஒரு காசும் செலவில்லை.