அடைத்து வைத்தால்தான் குடிநோய் தீருமா?

குடிநோயாளியை வீட்டிலிருந்து பிரித்து, மறுவாழ்வு இல்லத்தில் சில மாதங்கள் அடைத்து வைத்தாலொழிய அவர் மீளமாட்டார் என்றும், மருத்துவமனைக்கு வந்துபோய்ப் பெறும் புறநோயாளர் சிகிச்சை வீண் என்றும் தமிழ்நாட்டில் பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கைக்குச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று.

முதலாவது, குடியைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பது. இதில் உண்மை உண்டு. மதுவுக்குப் பழகிய நரம்பு மண்டலம் அது கிடைக்காதபோது காட்டும் நடுக்கம், உறக்கமின்மை முதலிய விலகல் அறிகுறிகள் சிலரிடம் வலிப்பாகவும் மனக்குழப்பமாகவும் முற்றுவதால், முன்பு அவ்வாறு அவதிப்பட்டவர்களையும் வேறு கடும் நோய் உள்ளவர்களையும் மருத்துவமனையில் சேர்ப்பதே முறை. ஆனால், அறிகுறிகள் மிதமாக உள்ளவர்களுக்கு, உடனிருந்து கவனிக்க ஒருவர் இருந்தால், படிப்படியாகக் குறைக்கப்படும் டயாசிபாம் போன்ற மருந்தும் தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தும் அடிக்கடி நிகழும் பரிசோதனையும் போதுமானவை. மேலும், இக்கட்டம் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணிந்துவிடுவதால், மாதக்கணக்கில் அடைத்து வைப்பதற்கு அது நியாயமாகாது.

இரண்டாவது, வெளியே விட்டால் மீண்டும் குடிப்பார் என்பது. சம்பள நாள், கூட்டாளிகளின் அழைப்பு, வீடு திரும்பும் வழியிலுள்ள டாஸ்மாக் கடை ஆகியவை இல்லத்திற்குள் இல்லாததால், அவற்றைச் சமாளிக்கும் பயிற்சியும் அங்கு முழுமை பெறுவதில்லை. புறநோயாளராலோ அந்தந்த வாரச் சோதனையை ஆலோசகரிடம் கொண்டுவந்து பேச முடிகிறது. குடியின் விளைவுகளான கடன், கல்லீரல் பாதிப்பு, தம்பதியரிடையேயான பிணக்கு ஆகியவற்றையும், வேலையையும் கூலியையும் இழக்காமலே ஒவ்வொன்றாகச் சீர்செய்ய இயல்கிறது. குடிவேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்ஸோன் மருந்து, மருத்துவருடனான சுருக்கமான சந்திப்புகளோடு சேர்ந்து பயன் தருவதை, 1,383 புறநோயாளர்களைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ‘கம்பைன்’ ஆய்வு காட்டியது.

மூன்றாவது, குடிநோய்ச் சிகிச்சை சிறப்பு நிலையங்களால் மட்டுமே ஆகும் பணி என்பது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், தீங்கு தரும் அளவுக்குக் குடித்துவந்த ஆண்களிடம் பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் சில அமர்வுகள் பேசியதில், மூன்று மாத முடிவில் 36 விழுக்காட்டினர் அந்நிலையிலிருந்து மீண்டிருந்தனர். அந்த ஆலோசனை பெறாதவர்களில் இது 26 விழுக்காடே. இவ்விரு பிரிவினரும் மிகக் கடுமையான நோயாளிகள் அல்லர் என்றாலும், தொடக்க நிலையிலேயே உதவி அளிக்க முடியும் என்பதற்கு இது சான்று. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களுள் 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றுள்ளார்; உள்நோயாளியாகப் பெற்றவர் 180 பேரில் ஒருவரே. இந்த இடைவெளியைப் படுக்கைகளால் மட்டும் நிரப்ப இயலாது.

ஆகவே, ஆபத்து உள்ளவரை உள்நோயாளியாகவும் ஏனையோரைப் புறநோயாளராகவும் ஏற்பதே தக்கது. இல்லத்தில் தங்கியவருக்கும் வெளியேறிய பின் தொடர் சிகிச்சை தேவைப்படுவதால், அடுத்த சந்திப்புக்கு நாள் குறிக்காமல் அவரை அனுப்பும் எந்த நிலையமும் தன் பணியைப் பாதியில் விட்டதாகவே கருதப்பட வேண்டும்.