கறுப்பு நிறமும் கம்பெனி விளம்பரமும்

வியாபாரிகள் தங்கள் சரக்கை விற்பதற்கு விளம்பரம் செய்வதை நாம் ஆட்சேபிக்கவில்லை. சரக்கின் குணத்தையும் விலையையும் ஜனங்களுக்குத் தெரிவிப்பது நியாயமான காரியமே. ஆனால், ஒரு புட்டிக் களிம்பு விலை போவதற்காக இத்தேசத்துப் பெண்மக்களைத் தாழ்த்திக் காட்டும் அதிகாரத்தை அவர்களுக்கு யார் அளித்தது?

டெலிவிஷனில் காட்டப்பட்ட விளம்பரம் ஒன்றை நேயர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். வறுமையில் வாடும் தகப்பனார், தமக்கு ஆண் பிள்ளை இல்லையே என்று பெருமூச்சு விடுகிறார். அதைக் கேட்ட கறுத்த நிறமுடைய மகள் மனம் புழுங்குகிறாள். பிறகு களிம்பைப் பூசுகிறாள், நிறம் வெளுக்கிறது, ஆகாய விமானத்தில் உத்தியோகம் கிடைக்கிறது, தகப்பனார் முகம் மலர்கிறது. பெண்ணாய்ப் பிறந்தது முதற் குற்றம், கறுப்பாய்ப் பிறந்தது இரண்டாவது குற்றம், இரண்டுக்கும் பரிகாரம் கடையில் கிடைக்கும் என்பதே இதன் உபதேசம். அவளுடைய படிப்பைப் பற்றியோ திறமையைப் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது. அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கத்தார் விடாது கிளர்ச்சி செய்ததன் பயனாக இவ்விளம்பரம் 2003-ல் நின்றது. கிளர்ச்சி இல்லாவிடில் நின்றிருக்குமா என்பதை நேயர்களே யோசித்துக் கொள்ளலாம்.

அன்னியத் துணியை 1921-ல் வீதிதோறும் கொளுத்திய தேசம் இது. ஆண்டவர் நிறமே உயர்ந்த நிறம் என்ற மயக்கமும் அந்த நெருப்பில் வெந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. வெள்ளையர் ஆட்சி ஒழிந்து 28 வருஷங்களான பின், 1975-ல், ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனி 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் களிம்பைக் கடைக்குக் கொண்டுவந்தது. பழியை அன்னியர் தலையில் மட்டும் சுமத்துவதும் பொருந்தாது. கல்யாணச் சந்தையில் பெண்ணின் நிறத்துக்கு விலை வைத்தவர்கள் நம்மவர்களே. 'சிவந்த நிறமுள்ள மணமகள் தேவை' என்று பணம் கட்டி அச்சிடச் செய்தவர்களும் நம்மவர்களே. கண்ணனையும் காளியையும் கரிய மேனியராய்க் கும்பிட்டுவிட்டு வீட்டிற்கு வந்து பெண்ணுக்கு நிறம் போதாது என்று குறை சொல்லும் விந்தையை வேறெங்கும் காண்பதரிது!

2005-ல் இமாமி என்னும் சுதேசிக் கம்பெனி ஆண்களுக்கென்று தனிக் களிம்பு விற்க முன்வந்தது. ஆண்மகன் பெண்களின் களிம்பை ஒளிந்து பூசுவது ஏளனத்துக்குரியது, தனக்குரியதை அவன் பூசவேண்டும் என்பது அதன் விளம்பரப் போதனை. சமத்துவம் இவ்விதம் வந்து சேர்ந்தது! சுதேசிக் கம்பெனி என்பதற்காக இதை நாம் பாராட்ட இயலாது.

களிம்பு ஒருபுறமிருக்க, அடுப்படிக்கு வருவோம். சலவைத்தூள் விளம்பரங்களில் துவைப்பவள் பெரும்பாலும் ஸ்திரீ. அழுக்காக்கி வருபவர்கள் புருஷனும் பிள்ளையும். எது நல்ல தூள் என்று விளக்கும் குரல் ஆண் குரல். இன்ஷியூரன்ஸ் விளம்பரங்களில் தகப்பன் மகன் படிப்புக்கும் மகள் கல்யாணத்துக்கும் பணம் சேர்ப்பது வெகுகாலப் பழக்கம். மகளுக்குப் படிப்பு வேண்டாமோ? சர்க்கார் 2019-ல் எடுத்த கணக்கின்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிட்டது 299 நிமிஷம். செய்யும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிஷம். அவ்வாண்களும் நூற்றுக்கு 26 பேரே. 'உள்ளதைத்தானே காட்டுகிறோம்' என்பர் விளம்பரக்காரர். உள்ள அநீதியை நித்தியமும் அழகாய்க் காட்டினால் அது தர்மமாகிவிடுகிறது என்பதே நம் ஆட்சேபம். மாற்றிக் காட்டினால் சரக்கு விற்காது என்ற வாதமும் நில்லாது. துவைப்பது பெண்ணின் வேலை மட்டுமா என்று ஏரியல் விளம்பரம் 2015-ல் கேட்டது. கிரிக்கெட் மைதானத்தில் பெண் ஆடி வந்த பழைய காட்பரி விளம்பரத்தை 2021-ல் தலைகீழாக்கி, பெண் பந்தடிக்க ஆண் ஆடி வரும்படி காட்டினார்கள். ஜனங்கள் ரஸித்தார்கள்.

சட்டம் என்ன செய்கிறது? ஸ்திரீகளை ஆபாசமாகச் சித்திரிப்பதைத் தடுக்கும் 1986-ம் வருஷத்துச் சட்டம் உண்டு. அது உடைக் குறைவைக் கவனிக்கிறது. முழுச் சேலையில் நின்று அவமானப்படும் பெண்ணைக் கவனிப்பதில்லை. விளம்பரத் தொழிலாரே அமைத்துக்கொண்ட கவுன்ஸில், கறுத்த நிறத்தாரைத் துயருற்றவராகவோ, உத்தியோகத்திலும் விவாகத்திலும் பின்தங்கியவராகவோ காட்டலாகாது என்று 2014-ல் விதி செய்தது. திருடர்களே காவல் விதி எழுதினார்கள் என்று நாம் கடுமையாகச் சொல்லோம். ஆனால் அதற்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. 2020-ல் உலகெங்கும் நிறவெறிக்கு எதிராய்க் கிளர்ச்சி எழுந்தபோது, களிம்பின் பெயரிலிருந்து 'ஃபேர்' நீங்கி 'குளோ' வந்தது. பெயர் மாறியது, களிம்பு கடையில் இருந்தது.

அதே 2020-ம் வருஷம் பிப்ரவரியில் மத்திய சர்க்கார் ஒரு நகல் மசோதாவை வெளியிட்டது. மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954-ம் வருஷத்துச் சட்டத்தைத் திருத்தி, நிறத்தை வெளுக்கச் செய்வதாகக் கூறும் விளம்பரங்களையும் தடுப்பது அதன் நோக்கம். முதற் குற்றத்துக்கு 2 வருஷம் வரை சிறையும் 10 லக்ஷம் ரூபாய் வரை அபராதமும் அதில் கண்டிருந்தன. ஜனங்களின் அபிப்பிராயம் கேட்டார்கள். அதன்பின் சட்டமாகாமலே வருஷங்கள் கழிந்தன. தமிழ்நாட்டு அங்கத்தினர்கள், எக்கட்சியாராயினும், அந்த நகலின் கதி என்ன என்று பார்லிமெண்டில் எழுந்து கேட்க வேண்டும். மாதர் சங்கங்களும் வாலிபர் சங்கங்களும் தத்தம் ஊரில் கூட்டம் கூட்டித் தீர்மானம் அனுப்பலாம். பத்திரிகைகளோ சர்க்காருக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. 'யங் இந்தியா'வையும் 'நவஜீவ'னையும் காந்தியடிகள் விளம்பரமே இன்றி நடத்தினார். அவ்வளவு தூரம் போகாவிடினும், பெண்ணின் நிறத்தைக் குறிப்பிடும் கல்யாண விளம்பரத்தை வாங்க மறுப்பது எந்தப் பத்திரிகைக்கும் இயலும்.